வியர்த்துக் கொட்டிய குதிரை ஏன் தண்ணீரைத் தொடுவதில்லை?

மே மாத வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு லாயத்துக்குத் திரும்பிய குதிரையைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பாருங்கள். சேணத்தை இறக்கினால் அதன் அச்சு முதுகில் அப்படியே ஈரமாகப் பதிந்திருக்கும். கழுத்தில் வார் உரசிய இடத்திலும் பின்தொடைகளுக்கு நடுவிலும் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரண்டிருக்கும். வயிற்றுக்கு அடியில் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரு வாளி நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து அதன் முன்னால் வையுங்கள். மூக்கை நனைக்கும், இரண்டு மடக்கு குடிக்கும், அப்புறம் தலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கொட்டிலைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

குதிரை வளர்க்க ஆரம்பித்த முதல் வருடம் இதைப் பார்த்துவிட்டு, சரி, தாகம் இல்லை போலிருக்கிறது என்று வாளியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு கோடையில் அப்படி மூன்று நாள் போனது. லத்தி சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்து, மேலே சளி பூசினாற்போல விழ ஆரம்பித்தது. நான்காம் நாள் விடியற்காலையில் குதிரை தரையைக் காலால் கீறுகிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, படுக்கிறது, எழுகிறது. பெருங்குடலில் தீவனம் இறுகி அடைத்துவிட்டது. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் தண்ணீர் ஏற்றி, மத்தியானம் வரை கூடவே நின்று காப்பாற்றினார். அவர் போகும்போது சொன்ன ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: தாகம் வந்தால் குதிரை குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், வியர்த்த குதிரைக்குத் தாகம் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். காரணம் வியர்வையில் இருக்கிறது.

மனிதனுடைய வியர்வை, ரத்தத்தைவிட உப்புக் குறைந்த நீர். நமக்கு வியர்க்கும்போது உப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகிறது, உள்ளே மிஞ்சும் ரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது, அந்த ஏற்றத்தை மூளை உணர்ந்து உடனே தாகத்தைக் கிளப்பிவிடுகிறது. குதிரையின் வியர்வை அப்படியில்லை. அது ரத்தத்துக்குச் சமமான உப்புச் செறிவு கொண்டது, பல நேரம் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால், உடம்பில் மொத்த நீர் 20 லிட்டர் குறைந்திருந்தாலும் மிச்சமுள்ள ரத்தத்தின் செறிவு பெரிதாக மாறாது. மூளைக்குப் போக வேண்டிய செய்தி போவதே இல்லை. உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், குதிரையோ வாளியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த நுரைக்கும் ஒரு காரணம் உண்டு. குதிரை வியர்வையில் லாதரின் என்ற புரதம் இருக்கிறது. சோப்பு செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. தோலோடு ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தின் மேல் வியர்வை முத்து முத்தாக நின்றுவிடாமல் பரவி, ரோமத்தின் நுனி வரை வந்து ஆவியாக வேண்டும். அதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது.

இவ்வளவு வியர்வை எதற்கு என்றால், குதிரையின் உடம்பு ஒரு பெரிய அடுப்பு. தசை செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட ஓட்டமாக மாறுவதில்லை, மீதி எல்லாம் சூடுதான். 500 கிலோ குதிரைக்குத் தோல் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 கிலோ உடம்பின் சூட்டை வெளியே தள்ள வேண்டும். நமக்கு அது 40 கிலோவுக்கும் கீழே. அதனால்தான் நாம் லேசாக வியர்க்கும் வேலைக்கே குதிரை நனைந்துபோகிறது. கடுமையான வேலையில், சூடும் ஈரப்பதமும் சேர்ந்த நாளில், மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை. காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்துவிடும். உப்பும் போகும், தண்ணீரும் போகும், குளிர்ச்சி மட்டும் கிடைக்காது.

சரி, எவ்வளவு உப்பு போகிறது? ஒரு லிட்டர் குதிரை வியர்வையில் ஏறக்குறைய 3 கிராம் சோடியம், 5 முதல் 6 கிராம் குளோரைடு, ஒரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொட்டாசியம். 10 லிட்டர் வியர்த்தால் 80, 90 கிராம் சாப்பாட்டு உப்பு போனதற்குச் சமம். இதை ஏன் இப்படிக் கணக்குப் போடுகிறேன் என்றால், நம் ஊரில் குதிரை களைத்தால் முதலில் செய்வது மருந்துக் கடைக்கு ஓடி ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கிவந்து கலக்குவதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், மிச்சம் 13.5 கிராம் குளுக்கோஸ். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் உயிரைக் காக்கும் அற்புதமான மருந்து அது. ஆனால் 10 லிட்டர் வியர்த்த குதிரைக்கு நான்கு பொட்டலம் கலக்கினால் போய்ச் சேருவது 10 கிராம் உப்பும் ஐம்பத்துச் சொச்சம் கிராம் சர்க்கரையும். கடைகளில் குதிரைக்கென்றே விற்கும் எலக்ட்ரோலைட் (வியர்வையில் போகும் உப்புகளின் கலவை) டப்பாக்கள் சிலவற்றிலும் இதே கதைதான். டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், முதல் பெயர் டெக்ஸ்ட்ரோஸ் என்றோ சுக்ரோஸ் என்றோ இருந்தால் நீங்கள் எலக்ட்ரோலைட் விலைக்குச் சர்க்கரை வாங்குகிறீர்கள்.

பொட்டாசியத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. புல்லிலும் காய்ந்த புல்லிலும் அது கொட்டிக் கிடக்கிறது. நாளைக்கு 8, 10 கிலோ காய்ந்த புல் தின்னும் குதிரைக்கு 100 கிராமுக்கு மேலேயே கிடைத்துவிடும். சோடியம்தான் எந்தப் புல்லிலும் தானியத்திலும் கணிசமாகக் கிடையாது. வேலையே செய்யாமல் நிழலில் நிற்கும் 500 கிலோ குதிரைக்கே நாளைக்கு 10 கிராம் சோடியம் வேண்டும், அதாவது சுமார் 25 கிராம் சாதாரண உப்பு. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007இல் வெளியிட்ட குதிரைத் தீவனப் பரிந்துரையின் கணக்கு இது, உலகம் முழுக்கத் தீவனம் கணக்கிடுபவர்கள் இதைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். வேலை செய்து வியர்க்கும் குதிரைக்கு இதற்கு மேல், வியர்த்த அளவுக்கு ஏற்றபடி. ஆக, எல்லா சப்ளிமென்ட்டுகளிலும் அதிக ஆதாரம் உள்ளதும், அநேகமாக எல்லா வேலைக் குதிரைக்கும் தேவைப்படுவதும், மளிகைக் கடையில் கிலோ சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் உப்புதான். சமையலறைத் தராசில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு ஒரு சின்னக் கிண்ணத்தை அதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள், கண் திட்டம் வேண்டாம்.

உப்புக்கட்டி தொங்கவிட்டிருக்கிறோமே என்பார்கள். தொங்கட்டும், தப்பில்லை. ஆனால் அது மாட்டுக்காக வந்த பொருள். மாட்டின் நாக்கு அரம் மாதிரி, ஒரு நக்கு நக்கினால் உப்பு வழித்துக்கொண்டு வரும். குதிரையின் நாக்கு வழவழப்பு. சில குதிரைகள் வேண்டிய அளவுக்கு நக்கும், சில பல்லால் கடித்துத் தின்றே தீர்க்கும், பல குதிரைகள் மாதக் கணக்கில் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வேலைக் குதிரையை அதை நம்பி விடக்கூடாது. தீவனத்தோடு கலந்து கொடுப்பதே நிச்சயமான வழி.

அடுத்தது தண்ணீர் விஷயம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2000களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் வாளியும் உப்பும் வைத்திருக்கும் யாரும் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய விஷயம் அது. நீண்ட ஓட்டத்தில் நீர் வற்றிய குதிரைகளுக்கு ஓட்டம் முடிந்ததும் முதல் வாளியாகச் சாதாரணத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், 0.9 சதவீத உப்புத் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் உப்புத் தண்ணீர் குடித்த குதிரைகள், அதற்குப் பிறகு வைத்த வெறும் தண்ணீரையும் சேர்த்து மொத்தமாக அதிகம் குடித்தன, இழந்த எடையையும் நன்றாக மீட்டன. வெறும் தண்ணீர் உள்ளே போனதும் ரத்தம் நீர்த்து, ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் தாகமும் அணைந்துவிடுகிறது. உப்புத் தண்ணீர் அந்தச் செறிவைக் கீழே விழவிடாமல் பிடித்துவைப்பதால் தாகம் எரிந்துகொண்டே இருக்கிறது. 0.9 சதவீதம் என்றால் லிட்டருக்கு 9 கிராம், 10 லிட்டர் வாளிக்கு 90 கிராம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழக்கமில்லாத குதிரை முதல் நாளே உப்புத் தண்ணீரை மூக்கால் தள்ளிவிடும். வீட்டில் சாதாரண நாட்களில், வேலை முடிந்த நேரத்தில், லேசான உப்பிலிருந்து தொடங்கிப் பழக்க வேண்டும். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் வாளியும் எப்போதும் இருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது. உப்புத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, குடித்தால் குடிக்கட்டும் என்று போவது குதிரையைத் தண்டிப்பதற்குச் சமம்.

அதே குழு தண்ணீரின் சூட்டையும் சோதித்தது. 10, 20, 30 டிகிரி என்று மூன்று வகையாகக் கொடுத்ததில், ஓடி முடித்த குதிரைகள் 20 டிகிரி தண்ணீரையே அதிகம் குடித்தன. நம் ஊர் மொட்டை வெயிலில் நிற்கும் சிமெண்ட் தொட்டித் தண்ணீர் மதியம் தொட்டால் சுடும், அதைக் குதிரை குறைவாகக் குடித்தால் அதன் மேல் குற்றமில்லை. தொட்டிக்கு மேல் ஒரு கீற்றுக் கூரை போடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் புதுத் தண்ணீர் பிடித்து வையுங்கள். குளிர்நாட்டில் இதற்கு நேர்மாறு: பென்சில்வேனியாவில் 1990களில் மட்டக்குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வில், உறைபனிக் குளிர்த் தண்ணீரை மட்டும் வைத்தபோது அவை குடித்த அளவு வெகுவாகக் குறைந்தது, வெதுவெதுப்பாக்கிக் கொடுத்ததும் ஏறியது.

வியர்த்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்டாதே, வயிறு பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு எல்லா லாயத்திலும் உண்டு. உடம்பு ஆறும் வரை பூட்டி வைத்துவிட்டு அரை மணி கழித்துத்தான் வாளியைக் கொண்டுவருவார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஓட்டம் முடிந்த முதல் சில நிமிடங்களில்தான் குதிரைக்குக் குடிக்கும் ஆசை கொஞ்சமாவது இருக்கும். அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் அப்புறம் காய்ந்த புல்லைப் பார்த்ததும் அதற்குத் தண்ணீரின் நினைப்பே போய்விடுகிறது. தூர ஓட்டப் போட்டிகளில் பாதையில் குறுக்கிடும் ஒவ்வொரு ஓடையிலும் குதிரையை நிறுத்திக் குடிக்கவிடுகிறார்கள், குடித்ததும் அது மறுபடி ஓடுகிறது.

மேலே குளிர்ந்த தண்ணீர் ஊற்றக்கூடாது என்பதும் இதே குடும்பத்து நம்பிக்கை. இது உடைந்த கதை சுவாரசியமானது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெயிலில் தள்ளாடியதை உலகமே பார்த்தது. அடுத்த ஒலிம்பிக் 1996இல் அட்லாண்டா, அதுவும் ஜூலை மாதம், வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்த இடம். போட்டியே நடத்தக்கூடாது என்று குரல் எழுந்தது. அந்த நான்கு ஆண்டு இடைவெளியில் பிரிட்டனில் டேவிட் மார்லின் போன்ற உடலியலாளர்களும் மற்ற நாட்டு ஆய்வாளர்களும் குதிரைகளைச் சூடேற்றிய அறையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஐஸ் போட்ட தண்ணீரை உடம்பு முழுக்க, பெரிய தசைகள் இருக்கும் பின்பகுதி உட்பட, மறுபடி மறுபடி ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளவில்லை, அதிர்ச்சியும் வரவில்லை, உடல் சூடு வேகமாக இறங்கியது. அட்லாண்டாவில் நீர்த்தூவி விசிறிகள், கூடுதல் ஓய்வு இடைவெளி, காலை நேரத்தில் ஓட்டம் என்று எல்லாவற்றையும் இந்த அறிவை வைத்தே திட்டமிட்டார்கள், போட்டி நல்லபடியாக முடிந்தது. இந்தக் கதையை ஏன் உப்புக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், வெளியிலிருந்து சீக்கிரம் குளிரவைத்தால் அந்த அளவுக்கு வியர்வை மிச்சம். வாளியால் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் குதிரை தன் உள்ளிருந்து எடுத்துக் கொட்ட வேண்டிய ஒரு பங்கைக் குறைக்கிறது.

இனி எலக்ட்ரோலைட் தப்பாகப் போகும் இடங்கள். குதிரை ஏற்கெனவே நன்றாக வற்றியிருக்கும்போது அடர்த்தியான பசையை ஊசிக்குழாயில் எடுத்து வாய்க்குள் தள்ளிவிட்டு, அது தண்ணீர் குடிக்கவில்லை என்றால், அந்த உப்பு ரத்தத்திலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுக்கும். உதவி செய்யப்போய் உபத்திரவம். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தூர ஓட்டத்தில் கொடுப்பது போல மணிக்கொருமுறை அடர்ந்த எலக்ட்ரோலைட் கொடுத்த குதிரைகளுக்கு இரைப்பைப் புண் கூடியிருந்தது. வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள், தண்ணீர் குடிக்கும் குதிரைக்கே கொடுங்கள், முடிந்தால் நனைத்த தீவனத்தில் கலந்து கொடுங்கள்.

இன்னொன்று சமையல் சோடா. மாட்டுத் தீவனத்தில் போடுகிறார்களே, வயிற்றுக்கு நல்லதுதானே என்று குதிரைக்கும் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நீண்ட நேரம் வியர்த்த குதிரை குளோரைடை ஏராளமாக இழந்து, அதனால் அதன் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்ந்திருக்கும். அதற்கு மேல் சோடாவும் கொடுத்தால் சாய்வு கூடும், ரத்தத்தில் வேலை செய்யக்கூடிய கால்சியம் குறையும். இதன் உச்சத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்க முடியாது: குதிரை சும்மா நிற்கிறது, ஆனால் விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் விக்கல் எடுப்பது போல வெட்டி வெட்டித் துடிக்கிறது. நெஞ்சில் கை வைத்தால் அந்தத் துடிப்பும் இதயத் துடிப்பும் ஒரே தாளத்தில் விழுவது தெரியும். மூச்சு இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு இதயத்தை ஒட்டிப் போகிறது, உப்புகள் குலைந்த நிலையில் அது இதயத்தின் மின்துடிப்புக்கெல்லாம் சேர்ந்து துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. தூர ஓட்டப் போட்டியில் இதைப் பார்த்தால் மருத்துவர் அந்தக் குதிரையை அங்கேயே நிறுத்திவிடுவார். வீட்டில் பார்த்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது புல்லை விட்டுவிடுகிறோம், அது பெரிய பிழை. குதிரையின் குருட்டுக்குடலும் பெருங்குடலும் சேர்ந்து நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி. நார் உள்ள தீவனம் அங்கே பஞ்சு மாதிரி நீரையும் உப்பையும் பிடித்துவைத்திருக்கும். ஓடும்போது உடம்பு அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. புல்லை மெல்லும் குதிரை நாளைக்குப் பல பத்து லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது, அதனாலேயே தின்னும் நேரத்தையொட்டித்தான் அதிகம் குடிக்கிறது. அதனால் தண்ணீர் வாளியைப் புல் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஓட்டத்துக்கு முந்தின நாள் புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் வயிறு இலேசாக இருக்கும் என்று நினைப்பது, பயணத்துக்கு முன் வண்டித் தொட்டியைக் காலி செய்வது போன்றது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்த் தீவனம் தினமும் உள்ளே போக வேண்டும்.

நீர் வற்றியதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். கழுத்தில் கிள்ளுவதைவிடத் தோள் முனையில் கிள்ளுவது மேல், ஆனாலும் வயதான குதிரையில் அது ஏமாற்றும். நான் பல் ஈறைத் தொட்டுப் பார்ப்பேன். வழுக்கினால் நல்லது, விரல் ஒட்டினால் கவலை. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். நாடியும் முக்கியம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் இதயம், வேலை முடிந்து கால் மணி நேரம் நிழலில் நின்ற பிறகும் 64க்குக் கீழே இறங்காவிட்டால் ஏதோ சரியில்லை. தூர ஓட்டப் போட்டிகளில் தகுதி பார்ப்பதும் இந்த எண்ணை வைத்துத்தான்.

இவ்வளவும் சரியான பிறகுதான் அலமாரியில் இருக்கும் மற்ற டப்பாக்களுக்கு வர வேண்டும். பெரும்பாலும் நாம் தலைகீழாகப் போகிறோம். நம் மண்ணில் இது பழைய கதைதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய குதிரைகள் வருடம் திரும்புவதற்குள் பெரும்பாலும் செத்துவிட்டன என்றும், சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைக்கு நல்லது என்று நினைத்ததைத்தான் கொடுத்திருப்பார்கள்.

இன்றைய டப்பாக்களில் எனக்கு நம்பிக்கை உள்ளவை இரண்டு மூன்றுதான். குளம்புக்கு பயோட்டின் என்ற வைட்டமின்: 1990களில் வியன்னாவின் லிப்பிசானர் குதிரைகளுக்கு நாளைக்கு 20 மில்லிகிராம் வீதம் நீண்ட காலம் கொடுத்துச் செய்த ஆய்வில் குளம்பின் தரம் கூடியது, ஆனால் வித்தியாசம் தெரியச் சுமார் ஒன்பது மாதம் ஆனது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்கிறது, ஏற்கெனவே வளர்ந்து இறங்கிவிட்ட பகுதியை எந்த மருந்தும் மாற்றாது. இரண்டு மாதம் கொடுத்துவிட்டு லாடம் அடிப்பவரிடம், ஒன்றும் முன்னேற்றம் இல்லையே என்று கேட்பதில் பயனில்லை. அடுத்தது வைட்டமின் ஈ. பச்சைப் புல்லில் நிறைய இருக்கிறது, காய்ந்து அடுக்கிவைத்த புல்லில் நாளாக நாளாகப் போய்விடும். மேய்ச்சலே இல்லாமல் வருடக் கணக்கில் காய்ந்த புல்லில் வாழும் நகரத்துக் குதிரைக்கு அது உண்மையிலேயே தேவை, கடுமையான குறைபாடு தசையை இயக்கும் நரம்புகளையே அழிக்கும்.

மூட்டுக்கு குளுக்கோசமைன் அதிகம் விற்கிறது. வாய்வழி கொடுத்தால் குதிரையின் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது மிகச் சிறிய பங்கு, ஒரு அளவீட்டில் ஆறு சதவீதம்தான். 2009இல் வந்த ஒரு மதிப்பாய்வு, அதுவரை நடந்த குதிரை ஆய்வுகளின் தரமே போதாது என்று சொன்னது. கேடு செய்யாது, ஆனால் அந்தக் காசை நல்ல லாடத்துக்கும் மிருதுவான தரைக்கும் செலவழிப்பேன். ஈயை விரட்டப் பூண்டு கொடுப்பவர்கள் கவனிக்கவும்: கனடாவில் அதிக அளவு உலர்பூண்டைச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்தபோது சிவப்பணுக்கள் சிதைந்து ரத்தசோகை வந்தது.

ரத்தம் ஊற இரும்புச்சத்து டானிக் என்பது இன்னொரு பெரிய வியாபாரம். புல்லிலும் மண்ணிலும் தேவைக்கு மேலேயே இரும்பு இருப்பதால் குதிரைக்கு இரும்புக் குறைபாடு அரிது. குதிரை தன் சிவப்பணுக்களில் கணிசமான பங்கை ஓய்வு நேரத்தில் மண்ணீரலில் பதுக்கிவைத்துக்கொண்டு ஓடும்போது வெளியே விடுகிறது. அமைதியாக நிற்கும் குதிரையின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு எண்ணிக்கை குறைவு என்று பதறுவது, சம்பளம் போடும் நாளுக்கு முந்தின நாள் சட்டைப்பையைப் பார்த்து ஒருவரின் சொத்தைக் கணக்கிடுவது போன்றது.

தவிட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கொள்ளும் தவிடும்தான் நம் பக்கத்துக் குதிரைத் தீவனம். கொள்ளு அளவோடு இருந்தால் நல்ல புரதம். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறத்தாழ பத்து மடங்கு. அதையே முக்கியத் தீவனமாக வைத்தால், ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட உடம்பு எலும்பைக் கரைக்கும். முக எலும்பு உப்பி, இனம் தெரியாத நொண்டல் வரும், நாள்பட்டால் திரும்பாது. அங்கே தேவைப்படும் சப்ளிமென்ட் வெறும் சுண்ணாம்புக்கல் தூள், மருத்துவர் சொல்லும் அளவில்.

கொஞ்சம் கூடினால் உயிர் போகும் சத்துகளும் இருக்கின்றன. 500 கிலோ குதிரைக்கு செலினியம் என்ற தாது நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவில் போதும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், பெரிய போட்டிக்கு வந்திருந்த 21 போலோ குதிரைகள் சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. களைப்பு நீங்கப் போட்ட வைட்டமின் ஊசி அது. கலக்கும்போது செலினியத்தின் அளவு தவறியிருந்தது. இரண்டு மூன்று டப்பாக்களை ஒரே நேரத்தில் கொடுப்பவர்கள் ஒவ்வொன்றிலும் செலினியம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தே தீர வேண்டும்.

கடைசியாக, இதுவரை சொன்ன கணக்குகள் எதற்கும் அடங்காத ஒரு குதிரை இருக்கிறது. வியர்க்காத குதிரை. குளிர்நாட்டுக் குதிரைகளை ஆங்கிலேயர்கள் இந்தியா போன்ற சூடான நாடுகளுக்குக் கொண்டுவந்த காலத்திலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வெயிலும் ஈரப்பதமும் ஓயாமல் அடிக்கும்போது சில குதிரைகளின் வியர்வைச் சுரப்பிகள் தூண்டுதலுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிடுகின்றன. இதற்கென்று விற்கும் பொடிகள் உண்டு, பீர் ஊற்றும் கைவைத்தியமும் உண்டு, எதுவும் சோதனையில் உறுதியாக நிற்கவில்லை. வேலை முடிந்து வரும் குதிரை மூக்குத் துளை விரிய வேகவேகமாக மூச்சு வாங்குகிறது, ஆனால் பிடரிக்கு அடியிலும் பின்தொடைக்கு நடுவிலும் கை வைத்தால் காய்ந்து, தகடு மாதிரி சுடுகிறது என்றால் உப்பைத் தேடி ஓடாதீர்கள். நிழலுக்குள் இழுத்துவந்து விசிறியைப் போட்டு, அதன் தோல் செய்ய மறந்த வேலையை நீங்கள் வாளியும் குழாயும் வைத்துச் செய்யுங்கள், பின்பகுதியில் ஆரம்பித்து, மூச்சு அடங்கும் வரை.